கலியாணம் முடிந்த முதல் வருடங்களில் நன்றி சொல்லிப் பழகுவது: வன்னித் தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

கலியாண ஆயத்த வகுப்பில் நன்றியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கேள்விகள் வருவது ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான். அதுவும் வகுப்பில் வராது. பூசை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில், அல்லது ஒரு முப்பத்தோராம் நாள் வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது மெல்ல வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கங்களில் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நன்றி தானாக வரவேண்டியதுதானே? அதைப் பழகவும் வேண்டுமா?

முதல் மாதம் தானாகத்தான் வரும். கிணற்றடியில் துணைவர் வாளியை நிறைத்து வைத்திருந்தால் மனம் குளிரும். இரண்டாம் மாதம் அது வழமை. மூன்றாம் மாதம் அது அவருடைய வேலை. அதன்பிறகு வாளி நிறையாத நாள் மட்டும்தான் கண்ணில் படும்.

இது புதிய நோய் இல்லை. இணைச்சட்ட நூலின் (உபாகமம்) எட்டாம் அதிகாரத்தில், கானான் நாட்டுக்குள் போகப்போகிற மக்களுக்கு மோசே சொல்லும் எச்சரிக்கையைப் பாருங்கள். வனாந்தரத்தில் பசியோடு இருந்தபோது மறந்துவிடுவீர்கள் என்று அவர் பயப்படவில்லை. வயிறு நிறைய உண்டு, நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகியபின் மறந்துவிடுவீர்கள் என்றுதான் பயந்தார். யூதர்கள் இன்றைக்கும் சாப்பிட்டு முடித்தபின் நன்றிச் செபம் சொல்வது அந்த அதிகாரத்தை வைத்துத்தான். நாங்கள் சோற்றுக்கு முன் செபித்துவிட்டு, கை கழுவும்போது மறந்துபோகிறோம்.

அதே நூலின் 24ஆம் அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. புதிதாக மணமுடித்தவன் ஒரு வருடத்துக்குப் படைக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் இருந்து மனைவியை மகிழ்விக்கட்டும் என்கிறது. எங்கள் மண்ணில் இருந்து அந்த வரியைப் படிப்பவருக்கு அது சும்மா கடந்துபோகிற வரி இல்லை. முதல் வருடத்துக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று வேதமே நினைத்திருக்கிறது.

எங்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. கூலி வேலை, பாதி முடிந்த வீடு. எதற்கென்று நன்றி சொல்வது?

பொருளின் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். "ஆண்டவரே, நீர் தந்த எல்லா நன்மைகளுக்கும் நன்றி" என்பது நல்ல செபம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் அதையே சொன்னால் வாய் சொல்லும், மனம் வயலில் நிற்கும்.

தண்ணீரில் தொடங்கலாம். ஆவணி மாதத்தில் கிணற்றின் அடி தெரியும். இருக்கிற தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிந்து, சுரண்டினாலும் போகாது. சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து பலர் குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர்தான் எடுக்கிறார்கள். இருபது லீற்றர் கானைப் பழைய ரியூப்பால் மோட்டார் சைக்கிளின் பின்னால் இறுக்கிக் கட்டி, கிரவல் ரோட்டில் ஒவ்வொரு குழியிலும் ஒரு கையைப் பின்னுக்கு விட்டுப் பிடித்துக்கொண்டு ஒருவர் வீடு வந்து சேருகிறார். அந்த இரவு செபத்தில் "தண்ணீருக்கு நன்றி, அதைக் கொண்டுவந்த கைக்கும் நன்றி" என்று மனைவி சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கிற அவருக்குத் தோள் வலி கொஞ்சம் குறையும்.

அதேபோல, ஆடைத் தொழிற்சாலை பஸ் விடியுமுன் சந்திக்கு வந்துவிடும். அதற்கு முன் எழும்பி, தேங்காய் துருவி, புட்டு அவித்து, அவருக்கும் ஒரு பார்சல் கட்டி வைத்துவிட்டு ஓடுகிறவளைக் கடவுள் முன்னால் பெயர் சொல்லி நினைக்க எத்தனை நிமிடம் வேண்டும்?

இன்னொரு வழி, பெற்றோரிடம் கதை கேட்பது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள், 2006இல் ஏ9 வீதி மூடப்பட்டபின் வெளியே போக வழியில்லாமல் இருந்தவர்கள் இன்னும் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறார்கள். சுவிட்சைத் தட்டினால் லைட் எரிவதும், யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி மாலையே திரும்பி வருவதும் அவர்களுக்கு இன்றும் சாதாரணம் இல்லை. ஆனால் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நாங்கள் பட்ட கஷ்டத்துக்கு உங்களுக்கு என்ன குறை" என்று அந்தக் கதையைத் தொடங்கினால், கேட்கிறவர்களுக்கு நன்றி வராது, எரிச்சல்தான் வரும்.

கடவுளுக்குச் சொன்னால் போதாதா? மனுசிக்கும் "நன்றி" சொல்ல வேண்டுமா? ஒருமாதிரி இருக்கிறது.

ஒருமாதிரித்தான் இருக்கும். எங்கள் வீடுகளில் அது வெளியாட்களுக்குச் சொல்கிற சொல். மேடையில் சொல்லலாம், அடுப்படியில் சொன்னால் "என்ன, உடம்புக்கு ஏதும் சரியில்லையோ?" என்று கேட்பாள். அந்தச் சொல்தான் வேண்டும் என்று யார் சொன்னது? "சம்பல் இண்டைக்கு நல்லா வந்திருக்கு." "நீர் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனபடியால்தான் நான் நிம்மதியாய் வேலை செய்தன்." "நீங்கள் கூரை ஓட்டை மாத்திவிட்டது நல்லதாய்ப் போச்சு, இரவு மழை பெய்ததே தெரியேல்லை." எல்லாம் நன்றிதான்.

லூக்கா 17இல் பத்துத் தொழுநோயாளர் குணமானார்கள். ஒருவன் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேருக்கும் மனதுக்குள் நன்றி இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்? அவன் திரும்பி வந்து உரத்த குரலில் சொன்னான். இயேசு கேட்டதும் "மற்ற ஒன்பது பேர் எங்கே?" என்றுதான். மனதுக்குள் இருப்பது மற்றவருக்குக் கேட்காது. என் கருத்தில் இளம் வீடுகளில் குறைவது அன்பு இல்லை, இந்தச் சத்தம்தான்.

நல்ல வழி இரண்டையும் ஒன்றாக்குவது. துணைவரின் காதுபடக் கடவுளிடம் சொல்லுங்கள். கூச்சம் பாதியாகக் குறையும்.

இருவருக்கும் நேரம் பொருந்துவதில்லை. நீண்ட குடும்பச் செபம் நடக்காது.

நீண்டதாக இருக்க வேண்டாம். தோபித்து நூலில் (கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கிறது) தோபியாவும் சாராவும் கலியாண இரவில் ஒன்றாகச் செபிக்கிறார்கள். அவளுக்கு அதற்கு முன் கட்டிக்கொடுத்த ஏழு பேரும் முதலிரவிலேயே இறந்துபோனவர்கள். பயப்பட நியாயம் இருந்த அந்த அறையில் செபம் கடவுளைப் புகழ்ந்துதான் தொடங்குகிறது; பிறகுதான் இருவரும் சேர்ந்து முதுமை அடைய வேண்டும் என்ற விண்ணப்பம் வருகிறது. மொத்தமாகச் சில வரிகள்தான்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த நாள்முடிவு ஆய்விலும் முதல் படி நன்றிதான். பாவம் தேடுவது பிறகு. படுக்கப் போகுமுன் இன்றைக்கு நடந்ததில் ஒரு நல்ல விடயத்தை ஆளுக்கொன்றாகச் சொல்லி, ஒரு "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" சொன்னால் போதும். வேலை மாறி மாறி வருகிறவர்கள் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதி, சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். தேத்தண்ணி ஊற்ற வருகிறவர் பார்ப்பார்.

அவர் செபத்தின் நடுவில் நித்திரையாகிவிட்டால்? விதைப்புக் காலம், விடியப் போனவர். விட்டுவிடுங்கள்.

நான் மனைவி வீட்டில் இருக்கிறேன். மாமா மாமி நல்லவர்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிச் சொல்லிக் கடன்காரனைப்போல் ஆகிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் காணியும் வீடும் பெண்ணுக்குப் போவதால், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழமை. இந்தக் கேள்வியை ஆண்கள் சத்தமாகக் கேட்பதில்லை, ஆனால் நிறையப் பேரிடம் இருக்கிறது.

கடனுக்கும் நன்றிக்கும் உள்ள வித்தியாசம் எளிது. கடன்பட்டவன் கொடுத்தவரைக் கண்டால் ஒதுங்கிப் போவான். நன்றியுள்ளவன் கிட்டப் போவான். மாமாவின் முகத்தைப் பார்க்காமல் பின்படலையால் வீட்டுக்குள் வருகிறீர்கள் என்றால் அது கடன் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்போது வார்த்தையைக் குறைத்துவிட்டு அவரோடு ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்து நில்லுங்கள். வேலி அடைக்கும்போது மறுபக்கம் நின்று கம்பியை இழுத்துப் பிடிப்பது போதும். அவரிடம் ஒன்றைக் கற்றுத் தரும்படி கேட்பது அதைவிட நல்லது. பெரியவர்களுக்கு அதைப்போல மரியாதை வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வீடும் காசும் இவ்வளவு வேண்டும் என்று பேரம் பேசி வாங்கிய சீதனத்துக்குப் பீடத்தின் முன் நன்றி சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெண்ணின் தகப்பன் அதற்காக வட்டிக்கு எடுத்திருந்தால், நன்றி காட்டுகிற வழி அந்தக் கடனில் பங்கெடுப்பதுதான்.

எங்கள் வீட்டில் காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். இறந்தவர்களும் இருக்கிறார்கள். நன்றி சொன்னால் அவர்களை மறந்த மாதிரி இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு வேகமாகப் பதில் சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள். "நீயாவது உயிரோடு இருக்கிறாயே, நன்றி சொல்லு" என்பது ஆறுதல் இல்லை, வாயை மூடுகிற வழி. 2009இல் போர் முடிந்தபோது பிள்ளையாக இருந்தவர்கள்தான் இப்போது கலியாணம் கட்டுகிறார்கள். கலியாண ஆல்பத்தில் அண்ணா நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

திருப்பாடல்கள் நூலில் நன்றிப் பாடல்களும் இருக்கின்றன, புலம்பல்களும் இருக்கின்றன. 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட ஒரு வெளிச்சமும் இல்லை. அதை யாரும் வெட்டி எறியவில்லை. அதுவும் கோயிலில் வாசிக்கப்படுகிற செபம்தான். ஆகவே, அழுகிற நாளில் அழுங்கள். அதுவும் கடவுளோடு பேசுவதே.

ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்வதை நினைத்துப் பாருங்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். போரின் அந்தக் கடைசி வாரங்களில் உயிரைப் பிடித்து வைத்தது அது. அதைக் குடிக்கும்போது இல்லாதவர்களுக்காக அழுகையும் வருகிறது, அந்த வரிசையில் நின்று எங்களுக்காக வாங்கி வந்தவரின் நினைவும் வருகிறது. துக்கமும் நன்றியும் ஒரே சிரட்டையில் இருக்கிறது, ஒன்று மற்றதைத் தள்ளிவிடவில்லை.

துணைவர் இதில் என்ன செய்யலாம்? சாப்பாட்டுச் செபத்தில் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லலாம். காணாமல் போனவரின் தாய் இருக்கிற வீட்டில், அவரை இறந்தவர் பட்டியலில் சேர்த்துச் செபிக்க வேண்டாம். அது அந்தத் தாய் எடுக்க வேண்டிய முடிவு. பெயரை மட்டும் சொன்னால் போதும்.

கடன் கழுத்துமட்டும் இருக்கிறது. இன்னும் வேண்டும் என்று கேட்டால் நன்றிகெட்டதனமா?

இல்லை. கானா ஊர்க் கலியாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்தபோது மரியாள் "இருப்பதற்கு நன்றி" என்று பேசாமல் இருக்கவில்லை. தீர்ந்துவிட்டது என்று நேராகச் சொன்னார். கிடைத்தது ஆறு கற்சாடிகள் நிறைய. அது ஒரு புதுக்குடும்பத்தின் வெட்கத்தை மறைக்கச் செய்யப்பட்ட முதல் அடையாளம்.

கலியாணச் செலவு, மோட்டார் சைக்கிள் லீசிங், கிழமைக்குக் கிழமை ஆள் வந்து வாங்கும் நுண்கடன் எல்லாம் சேர்ந்து முதல் சண்டைக்கு விதை போடும். நன்றிச் செபம் தவணையைக் கட்டாது. இருவரும் ஒரு கொப்பியில் யாருக்கு எவ்வளவு என்று எழுதுங்கள், அவருக்குத் தெரியாத கடன், இவளுக்குத் தெரியாத சீட்டு எதுவும் இல்லாதபடி. அடைத்து முடித்த ஒவ்வொரு கடனையும் கோடு போட்டு வெட்டும்போது ஒரு நன்றி சொல்லுங்கள். அது உண்மையான நன்றியாக இருக்கும்.

அவர் குடிக்கிறார், கை நீட்டுகிறார். "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்று பவுல் சொல்லியிருப்பதால் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள்.

பவுல் அதைத் தெசலோனிக்கருக்கு எழுதியது உண்மை. அதே பவுல் பிலிப்பியில் என்ன செய்தார் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். திருத்தூதர் பணிகள் 16ஐத் திறந்து பாருங்கள். அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நள்ளிரவில் சிறையில் பாட்டுப் பாடினார். விடிந்ததும் "சத்தமில்லாமல் போய்விடு" என்று அதிகாரிகள் சொல்லியனுப்பியபோது அவர் போகவில்லை. உரோமைக் குடிமக்களான எங்களை விசாரணை இல்லாமல் எல்லோர் முன்னாலும் அடித்தீர்கள், நீங்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். பாடிய அதே ஆள்தான் முறையிட்டதும்.

அடிக்கு நன்றி சொல்லத் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். உடனடி ஆபத்தென்றால் பொலிசுக்கு 119. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். பாதரிடமோ போதகரிடமோ போவது நல்லது. அவர் "பொறுத்துப் போ பிள்ளை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அடுத்த கதவைத் தட்டுங்கள்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது, பிள்ளை இல்லை. கோயிலுக்குப் போனாலே "விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்கிறார்கள்.

கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லக் கடமையில்லை. சிரித்துவிட்டு "செபியுங்கோ அன்ரி" என்று நகரலாம். சாமுவேலின் தாய் அன்னா, பிள்ளை இல்லாத காலத்தில் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதபோது குருவானவரே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். சுற்றியிருப்பவர்கள் தவறாகப் புரிவது அன்றைக்கே இருந்தது. இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போங்கள், அவளை மட்டும் அனுப்ப வேண்டாம். அதுவரைக்கும், இல்லாததைச் சுற்றியே வீட்டுச் செபம் முழுவதையும் கட்டாதீர்கள். உங்கள் இருவருக்காகவும் ஒரு வரி இருக்கட்டும்.

நான் கத்தோலிக்கம், அவர் வேறு சபை. எப்படி ஒன்றாகச் செபிப்பது?

சண்டை பெரும்பாலும் செபமாலையில் தொடங்கும். அதைத் தனியே சொல்லுங்கள். நன்றியில் பிரிவினை இல்லை. திருப்பாடல் 103 இரண்டு விவிலியத்திலும் இருக்கிறது, ஆண்டவர் செய்த நன்மைகளை மறவாதே என்று இரண்டிலும் சொல்கிறது. அவர் சொந்தச் சொற்களில் நீளமாகச் செபிப்பவர், நீங்கள் மனப்பாடச் செபத்தில் வளர்ந்தவர் என்றால், ஒரு நாள் அவர் வழி, மறுநாள் உங்கள் வழி. துணைவர் சைவமாக இருந்தால், வாய்விட்டுச் செபிக்கும்படி நெருக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பதற்கு அநேகமாக எல்லோரும் சம்மதிப்பார்கள்.

வருடத்தில் ஒரு முறையாவது பெரிதாக நன்றி செலுத்த வேண்டும் என்று ஆசை. மடு மாதா கோயிலா, அறுவடையா?

இரண்டும் செய்யலாம். காலபோக நெல் தையில் தொடங்கி வெட்டுப்படும்போது முதல் நெல்லில் கொஞ்சம் குத்திப் பொங்கி, முதல் அகப்பையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். பல பங்குகளில் தைப்பொங்கலுக்குத் திருப்பலி இருக்கிறது. மற்றச் சபைகளில் அறுவடை விழாவுக்குப் பூசணியும் வாழைக்குலையும் கொண்டுபோய் ஏலம் போடுவார்கள். வெள்ளம் எல்லாவற்றையும் எடுத்துப்போன வருடம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அப்படித்தான் நடந்தது. அந்த மாதிரி வருடத்தில் விழா வேண்டாம், வள்ளத்தில் வந்து தூக்கிவிட்டவரைத் தேடிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

மடுவில் ஆடி (ஜூலை) 2உம் ஆவணி (ஆகஸ்ட்) 15உம் பெருவிழாக்கள். கூட்டத்தில் புதுத் தம்பதிகள் நிம்மதியாகச் செபிக்க முடியாது, அதனால் சாதாரண நாளில் போவதையே நான் சொல்வேன். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் மாந்தையில் இருந்து சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடி வந்த இடம் அது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சொரூபம் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆகஸ்டில் திரும்பி வந்தது. அம்மாவும் எங்களைப்போல மூட்டை கட்டியவர் என்று வயதானவர்கள் சொல்வார்கள். நேர்த்தி வைத்திருந்தால் அளவாக வையுங்கள்; நேர்த்திக்காகக் கடன் வாங்குவது எந்த மாதாவுக்கும் பிடிக்காது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் "என் மனைவிக்காக ஆண்டவருக்கு நன்றி" என்று போடலாமா?

போடலாம், படமும் போடலாம். அவளிடம் முதலில் சொல்லிவிட்டீர்களா? பலர் சொல்வதில்லை. இத்தாலியில் இருக்கிற சித்தி பார்த்து இதயம் போட்டிருப்பார், அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தெரியாது, ஏனென்றால் அவளுடைய டேட்டா முடிந்திருக்கும்.